கேளுங்கள், சொல்கிறேன்: கைக்குழந்தையோடு முதல் நெடும்பயணம்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் இந்த நாள்களில் எனக்கு வரும் கடிதங்கள் ஏறக்குறைய ஒரே பொருளைச் சுற்றியே அமைகின்றன. தாய் வீட்டில் பிள்ளை பெற்ற பெண் புகுந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அல்லது குலதெய்வக் கோயிலில் மொட்டை போட வேண்டும், அல்லது வெளியூரில் இருக்கும் பெரியவர்களிடம் பேரப்பிள்ளையைக் காட்ட வேண்டும். எல்லாமே நெடுந்தூரம், எல்லாமே கோடையில். ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கைக்குழந்தையோடு சாலையில் செல்வது பற்றிய கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். வேலூரில் பல ஆண்டுகள் குழந்தைகள் வார்டில் செவிலியாக இருந்தவள் என்ற முறையிலும், இரண்டு பிள்ளைகளைப் பெற்று இப்போது பேரப்பிள்ளைகளோடு ஊர் ஊராகச் செல்பவள் என்ற முறையிலும் சொல்கிறேன்.

*வாசகி, குடியாத்தம்:* முதல் பிரசவம் என் தாய் வீட்டில் நடந்தது. மகனுக்கு ஐந்து மாதம் நிறையப்போகிறது. எடை 7 கிலோ. கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. சித்திரைக் கடைசியில் எங்கள் காரிலேயே அழைத்துச் செல்ல வருகிறார். வெயிலுக்குப் பயந்து இரவோடு இரவாக ஓட்டிச் சென்றுவிடலாம் என்கிறார் அவர். நல்ல நேரம் பார்த்துப் பத்து மணிக்கு மேல் புறப்படச் சொல்கிறார் மாமியார். என்ன ஆனாலும் பிள்ளையை மடியை விட்டு இறக்கக் கூடாது என்பது என் அம்மாவின் கட்டளை. யார் சொல்லைக் கேட்பது?

மூவரும் குழந்தையின் மேலுள்ள அக்கறையால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் மூவரில் ஒருவர் சொல்லையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று என்னால் எழுத முடியவில்லை.

குடியாத்தத்திலிருந்து கிளம்பி, ஆம்பூர்ப் பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து, வாணியம்பாடி, பர்கூர் வழியாகக் கிருஷ்ணகிரியை அடைந்து, அங்கே தெற்கே திரும்பித் தருமபுரி, தொப்பூர்க் கணவாய், சேலம், சங்ககிரி, பெருந்துறை, அவினாசி என்று செல்லும் உங்கள் வழி 350 கிலோமீட்டருக்கும் மேல். பெரியவர்கள் மட்டும் சென்றால் ஆறு, ஆறரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஐந்து மாதப் பிள்ளை உடனிருக்கையில் இதை ஒன்பது மணி நேரப் பயணம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வழியில் நேரும் தொல்லைகளில் பலவற்றுக்கு வேர், ‘மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம்’ என்று அங்கே காத்திருப்பவர்களிடம் கொடுத்துவிட்ட வாக்குதான். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் நிறுத்த வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தாமல் ஓட்டுகிறோம். அழும் குழந்தையை ஓடும் வண்டியிலேயே கையில் எடுத்துவிடுகிறோம். ‘பொழுது சாய்வதற்குள் வருவோம்’ என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

இரவுப் பயணத்துக்கு நான் உடன்படவில்லை. நள்ளிரவு கழிந்து இரண்டு மணி முதல் விடியல் வரை எவ்வளவு பழகிய ஓட்டுநருக்கும் கண் சொக்கும்; சாலையோரத்தில் விளக்கின்றி நிற்கும் லாரி எமனாவது அந்த நேரத்தில்தான். அதோடு, இருட்டில் குழந்தையின் முகம் உங்களுக்குத் தெரியாது. இந்த வயதுப் பிள்ளை உட்கார்ந்த நிலையில் தூங்கும்போது தலை முன்னே கவிழ்ந்து தாடை நெஞ்சில் அழுந்தினால், மென்மையான மூச்சுக்குழாய் மடங்கி மூச்சு தடைபடக்கூடும். அதை அவ்வப்போது பார்த்துச் சரிசெய்ய வெளிச்சம் வேண்டும்.

பத்து மணியும் வேண்டாம். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீடிப்பது; சித்திரைக் கடைசி என்றால் அதற்குள்ளேயே நீங்கள் இருப்பீர்கள். காலை ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். வாரத்தின் ஏழு நாள்களில் எந்த நாளிலும் இராகு காலம் காலை ஏழரைக்கு முன் வருவதில்லை என்பதையும், எமகண்டமும் வியாழக்கிழமை ஆறு மணிக்கு வருவதைவிட முந்துவதில்லை என்பதையும் மாமியாரிடம் பணிவாக எடுத்துச் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். வெள்ளி, ஞாயிறுகளில் மேற்கே சூலம் என்று ஒருவேளை சொல்லலாம். அதற்கு வெல்லம் பரிகாரம். வெல்லத்தைப் பெரியவர்கள் வாயில் போட்டுக்கொள்ளட்டும், குழந்தையின் நாக்கில் தடவ வேண்டாம்.

இனி மடிக்கு வருகிறேன். உங்கள் அம்மாவின் சொல்லைத் தட்டத்தான் எனக்கு மிகவும் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் அதையே நம்பினேன். 1993-இல், என் மகளுக்கு ஏழு மாதமாக இருந்தபோது, ஒரு திருமணத்துக்காக வேலூரிலிருந்து தஞ்சாவூருக்கு அம்பாசிடர் காரில் எட்டுப் பேர் சென்றோம். செஞ்சியைத் தாண்டியதும் ஆடு ஒன்று குறுக்கே ஓட, ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வண்டி எதிலும் மோதவில்லை. நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடியிருக்கவும் இல்லை. இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்த பிள்ளை எப்படி நழுவினாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முன் இருக்கையின் முதுகில் நெற்றி மோதி நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது. பிரேக் போட்டதற்கே இந்தக் கதி என்றால், மோதலை எண்ணிப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், 7 கிலோ எடையுள்ள உங்கள் மகனைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 100 கிலோவைத் தாங்கும் வலு உங்கள் கைகளுக்கு வேண்டும். ஒரு நெல் மூட்டையைவிடக் கனமானது அது. தாயன்பு எவ்வளவு இருந்தாலும் கைகளால் ஆகிற காரியமன்று. உங்கள் சீட் பெல்ட்டையே குழந்தையையும் சேர்த்துச் சுற்றிக்கொள்வது அதைவிடக் கேடு, ஏனென்றால் மோதும்போது உங்கள் உடலின் பாரம் முழுவதும் பெல்ட்டுக்கு எதிராகக் குழந்தையைத்தான் நசுக்கும்.

ஆகவே குழந்தைக்கென்று தனி கார் சீட் வேண்டும். அதுவும், குழந்தையின் முகம் வண்டியின் பின்கண்ணாடியைப் பார்க்கும்படி திருப்பிப் பொருத்துவதாக இருக்க வேண்டும். கைக்குழந்தையின் தலை அதன் உடலோடு ஒப்பிட மிகப் பெரியது. கழுத்தோ இன்னும் முற்றாதது. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு மோதலின்போது உடலைப் பெல்ட் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னே வீசப்படும். அந்த இழுப்பு முழுவதையும் கழுத்தே தாங்க நேரும். பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகுப்புறம் ஒருசேர ஏந்திக்கொள்ளும். அந்தச் சீட்டைப் பின் இருக்கையில் இடப்பக்கமாகப் பொருத்துங்கள். நிறுத்துமிடங்களில் சாலையின் ஓரத்தில் நின்றபடியே குழந்தையை எடுக்கலாம், லாரிகள் சீறிச் செல்லும் பக்கம் நிற்க வேண்டியிராது. காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் இத்தகைய சீட்டை எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது, ஏனென்றால் பெரியவர்களைக் காப்பாற்ற விரியும் அந்தப் பை, பின்னோக்கி இருக்கும் குழந்தையின் தலைக்கு நேர் பின்னால் பேரடியாக இறங்கும். சீட்டில் தோளைப் பிடிக்கும் பட்டைகள் குழந்தையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். இறுக்கிய பின் பட்டையை விரல்களால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு அகப்படக் கூடாது. கழுத்துச் சங்கிலி, கருகமணி, கையிலுள்ள வசம்பு வளையம் எல்லாவற்றையும் பயணம் முடியும்வரை கழற்றி வையுங்கள். திருஷ்டிக்குக் கன்னத்தில் மைப்பொட்டு போதும். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்த வயதுக் குழந்தையைத் தொடர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சீட்டில் வைத்திருக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் என்பதை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குப் புறப்பட்டால் முதல் நிறுத்தம் கிருஷ்ணகிரியை ஒட்டி ஏழு மணிக்குள் வரும். அடுத்ததைத் தருமபுரியைத் தாண்டி, தொப்பூர் இறக்கத்துக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். நீண்டு சரியும் அந்தச் சாலையில் பிரேக் பிடிக்காமல் வரும் பார வண்டிகளால் விபத்துகள் பல நேர்ந்துள்ளன. பசித்த குழந்தையின் அழுகை காதில் விழ விழ ஓட்டுநர் அதில் இறங்கக் கூடாது. வயிறு நிறைந்த பிள்ளையோடு, தாழ்ந்த கியரில், லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாக இறங்கட்டும். மூன்றாவது சங்ககிரிப் பக்கம், நான்காவது பெருந்துறையில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குழந்தையை அரை மணி நேரமாவது சீட்டிலிருந்து எடுத்து, ஒரு விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கைகால்களை உதைக்க விடுங்கள். பால் கொடுப்பது நின்ற வண்டியில் மட்டுமே. கொடுத்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் வரச் செய்து, கால் மணி நேரம் நிமிர்த்திப் பிடித்திருந்த பிறகு சீட்டில் கட்டினால் கக்குவது பெரிதும் குறையும்.

வெயில் ஏற ஏறக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கும்படி வழியில் சந்திக்கும் அனைவரும் சொல்வார்கள். ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்குத் தாய்ப்பாலே தண்ணீருமாகும். தாகத்துக்கேற்ப அடிக்கடி கொடுங்கள், நீங்கள் நிறையக் குடியுங்கள். ஒரு நாளில் ஆறு முறையாவது துணி நனைந்தால் குழந்தையின் உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறது என்று பொருள். சீட்டின் மேல் கனத்த துண்டைப் போர்த்தி நிழல் உண்டாக்க வேண்டாம், உள்ளே காற்று புழங்காது. சீட்டோடு வரும் மறைப்பை விரித்தாலே போதும். தேநீர் குடிக்க இறங்கும் ஐந்து நிமிடத்துக்குக்கூடக் குழந்தையை வண்டியில் விட்டுச் செல்லாதீர்கள். பூட்டிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரி வரை ஏறிவிடும். கண்ணாடியை விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. குழந்தையின் உடலோ பெரியவர்களின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். வெயிலில் நின்ற வண்டியில் மீண்டும் ஏறும்போது சீட்டின் உலோகக் கொக்கியை முதலில் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

பின்கண்ணாடியை ஒட்டிய பலகையில் தூக்குவாளி, தண்ணீர்க் கேன் எதையும் அடுக்காதீர்கள். பிரேக் போட்டால் அவை பறந்து வரும் திசையில்தான் குழந்தையின் முகம் இருக்கிறது.

*வாசகர், இராணிப்பேட்டை:* கார் சீட்டின் விலை எங்கள் ஒரு மாத வீட்டு வாடகைக்குச் சமமாக இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு பயணத்துக்காக அதை வாங்கத்தான் வேண்டுமா? சட்டத்தில் அப்படி ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சீட் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான தடுப்பு அமைப்பாலோ பாதுகாக்காமல் வண்டி ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம். பெரியவர்களுக்கான பெல்ட் கைக்குழந்தைக்குப் பொருந்தாது என்பதால், உங்கள் வரையில் அது கார் சீட்டையே குறிக்கும். இந்த அபராதத்தை யாரும் கட்டி நான் பார்த்ததில்லை என்பது வேறு கதை. அபராதத்துக்காக வாங்காதீர்கள், மேலே குடியாத்தத்து வாசகிக்கு எழுதிய நெல் மூட்டைக் கணக்குக்காக வாங்குங்கள். மருத்துவமனைக்கும் தடுப்பூசிக்கும் செல்வதையும் சேர்த்து எண்ணினால் ஆண்டுக்கு இரண்டு பயணம் என்பதும் சரியான கணக்கன்று.

விலை கட்டுப்படியாகாவிட்டால் உறவினரிடம் இரவல் வாங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதன் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை விபத்தில் சிக்கிய வண்டியில் இருந்த சீட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே விரிசல் கண்டிருக்கலாம், அதைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் பாகத்தின் அடியிலோ பின்புறத்திலோ செய்த ஆண்டும், பயன்படுத்தத்தக்க கடைசி ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியத் தரமான ஏஐஎஸ்-072 அல்லது ஐரோப்பியத் தரமான ஆர்44/04, ஆர்129 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்44 சீட்டுகளில் அது ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளில் இருக்கும். ஆர்129 தரத்தின்படி 15 மாதம் வரை குழந்தையைப் பின்னோக்கித்தான் வைக்க வேண்டும்; அதற்கு மேலும் சீட் அனுமதிக்கும் எடை வரை அப்படியே வைத்திருப்பது நல்லது. ஐசோஃபிக்ஸ் கொக்கி (பெல்ட் இல்லாமலே குழந்தைச் சீட்டை மாட்ட வண்டியின் இருக்கையில் இருக்கும் அமைப்பு) இல்லாத பழைய வண்டியென்றால், சீட் பெல்ட்டால் கட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் பெட்டியைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார். உங்கள் வண்டியிலேயே பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். பொருத்திய சீட்டை அதன் அடிப்பக்கத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.

*ஒரு பாட்டி, ஆம்பூர்:* நான்கு மாதப் பேத்தியோடு குடும்பமாக வேனில் குலதெய்வக் கோயிலுக்குச் செல்கிறோம். வேனுக்குள் ஏணை கட்டிவிட்டால் குழந்தை சுகமாகத் தூங்கிவிடாதா? எங்கள் பிள்ளைகளை அப்படித்தான் கொண்டு சென்றோம். தூங்குவதற்குச் சளி மருந்து ஒரு சொட்டு கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

அம்மா, ஏணையைப் போலக் குழந்தையை உறங்க வைக்கும் பொருள் உலகில் வேறில்லை என்பதில் எனக்கும் ஐயமில்லை. நம் வட ஆற்காட்டில் ஏணை, தெற்கே சென்றால் தூளி. பெயர் எதுவானாலும் அதற்கு அசையாத ஓர் உத்தரம் வேண்டும். ஓடும் வேனில் கட்டிய ஏணை, பிரேக் போட்ட கணத்தில் கவண்கல் போல முன்னே வீசும். கம்பியிலும் கண்ணாடியிலும் மோதுவது குழந்தையின் தலையாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் நாம் அப்படிக் கொண்டு சென்றபோது சாலையில் இத்தனை வண்டியும் இல்லை, இத்தனை வேகமும் இல்லை. வழியில் நிறுத்திச் சாப்பிடும்போது புளியமரத்தின் உறுதியான கிளையில் உங்கள் பழம்புடவையைக் கட்டி ஒரு மணி நேரம் ஆட்டுங்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேன் ஓடும்போது பேத்தி தன் சீட்டில் இருக்கட்டும். வாடகை வேனாக இருந்தால், சீட்டைக் கட்டக்கூடிய மூன்று முனைப் பெல்ட் எந்த வரிசையில் இருக்கிறது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே நேரில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

தூங்க வைக்க மருந்து கொடுப்பதை நினைக்கவே வேண்டாம். தூக்கம் வரவழைக்கும் சளி மருந்துகள் சிறு குழந்தையின் மூச்சையும் மந்தப்படுத்தக்கூடியவை. அவற்றுள் சிலவற்றை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்பது மருத்துவ விதி. வசம்பு உரைத்து ஊட்டுவதும் வேண்டாம். நாக்கில் தேன் தடவும் வழக்கம் இருந்தால் ஒரு வயது நிறையும்வரை அதையும் நிறுத்துங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் கைக்குழந்தையின் குடலில் பெருகி உடலைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். காய்ச்சலுக்கான மருந்தை மட்டும், குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 14 வார ஊசி இப்போதுதான் போட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்துப் புறப்படுங்கள். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள் தணிந்துவிடும்.

*வாசகி, போளூர்:* கார் சீட் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்களிடம் கார் இல்லை. எட்டு மாத மகளோடு தூத்துக்குடிக்குப் பேருந்தில் செல்ல வேண்டும். எங்களுக்கு என்ன வழி?

உங்கள் கேள்வியில் உள்ள குறை நியாயமானது. முதலில் ஒன்றைக் கேட்கிறேன்: இரயிலில் செல்ல முடியாதா? காட்பாடி–விழுப்புரம் பாதை உங்கள் ஊர் வழியாகவே செல்கிறது. விழுப்புரத்தில் தென்மாவட்ட இரயில்களைப் பிடிக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமும் இல்லை. கீழ்ப்படுக்கையில் சுவரோரம் குழந்தையைப் படுக்க வைத்து நீங்கள் வெளிப்பக்கம் படுத்துக்கொள்ளலாம், எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது. கைக்குழந்தையோடு செல்பவர்களுக்குச் சாலையைவிடத் தண்டவாளமே மேல் என்பது என் துணிவான கருத்து.

பேருந்துதான் என்றால் பகலில் செல்லுங்கள், ஒரே மூச்சில் செல்லாதீர்கள். வேலூரிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை நீளும் 38ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான் உங்கள் பயணம் முழுவதும் அமையும். திருச்சியில் இறங்கி ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை தொடர்ந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் அலுப்பு பாதியாகும். முன் வரிசை வேண்டாம், எதிரே தடுக்க ஒன்றும் இருக்காது. கடைசி வரிசையும் பின்சக்கரத்தின் மேலுள்ள இருக்கையும் வேண்டாம், தூக்கிப் போடும். நடுவில், சன்னலோரம். மென்மையான நீளத் துணியாலோ கடையில் கிடைக்கும் பட்டைப் பையாலோ குழந்தையை உங்கள் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். மோதலில் அது காப்பாற்றும் என்று பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் கண்ணயரும்போதும் திடீரென்று பிரேக் போடும்போதும் பிள்ளை நழுவாமல் இருக்கும். முகம் வெளியே தெரிய வேண்டும், மூக்கு உங்கள் உடலில் அழுந்தக் கூடாது.

அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை குழந்தைக்குக் கட்டணமில்லை என்று 2022-இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. நடத்துநர் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். பேருந்து நிலையங்களில் தாய்ப்பாலூட்டும் அறைகளை 2015-இல் அரசு திறந்தது. சில இடங்களில் அவை பூட்டிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன்; நேரக் காப்பாளரிடம் சாவியைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. எட்டு மாதப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து இட்லியும், தோலோடு எடுத்துச் செல்லும் வாழைப்பழமும் போதும். பாலில் பிசைந்த எதையும் இந்த வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து கொடுக்க வேண்டாம். பால்மாவைக் கரைத்து எடுத்துச் செல்லாமல், காய்ச்சிய வெந்நீரைக் குடுவையில் வைத்துக்கொண்டு வேண்டும்போது கரைத்து, கையில் ஊற்றிச் சூடு பார்த்துக் கொடுங்கள்.

*வாசகர், ஆற்காடு:* சீட் வாங்கிவிட்டோம். அதில் வைத்த உடனே மகள் வீறிட்டு அழுகிறாள். அடுத்த மாதம் மதுரை செல்ல வேண்டும்.

ஒரு மாதம் இருப்பது நல்லது. முதல் வாரம் சீட்டை வண்டியில் பொருத்தாமல் வீட்டுக் கூடத்தில், தரையில் வையுங்கள். விளையாட்டுச் சாமானோடு பத்து நிமிடம் அதில் உட்கார்த்தி, அழுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அதன்பின் வண்டியில் பொருத்தி இரத்தினகிரி வரை ஒருமுறை. பழகியதும் வேலூர் வரை. பசியாறித் தூக்கம் வரும் நேரமாகப் பார்த்துப் புறப்படுங்கள். பின்னோக்கி இருக்கும் குழந்தைக்கு முன்னால் இருப்பவர் யாரும் தெரியாது. தாயோ பாட்டியோ பக்கத்தில் உட்கார்ந்து முகம் காட்டினால் பாதி அழுகை அடங்கும். அப்படியும் அழுதால் பட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறதா, வெயில் கண்ணில் படுகிறதா, துணி நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் வண்டியை நிறுத்துங்கள். ஆனால் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிறுத்தக் கூடாது; பெட்ரோல் பங்க்கோ சுங்கச்சாவடியை அடுத்த இடமோ வரும்வரை அழுகையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் பட்டையைக் கழற்றி மடியில் எடுத்துவிட்டால், ஒரு மாதப் பழக்கம் ஒரே நாளில் வீணாகும். வழியில் வண்டி பழுதானால் தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, மருத்துவ உதவிக்கு 108. இரண்டையும் ஓட்டுபவரின் கைப்பேசியில் மட்டுமல்லாமல் பின்னால் இருப்பவரின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.

*வாசகர், திருப்பத்தூர்:* பத்து மாத மகனோடு ஏலகிரி ஏறலாமா? வளைவுகளில் வாந்தி வருமோ, காது அடைக்குமோ என்று மனைவி அஞ்சுகிறார்.

தாராளமாக ஏறலாம். வளைவுகளால் வரும் வாந்தி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிது. 14 கொண்டையூசி வளைவுகளில் தலைசுற்றப்போவது பின்னால் கைப்பேசி பார்த்துக்கொண்டு வரும் பெரியவர்களுக்குத்தான். ஏலகிரியின் உயரத்துக்குக் காது அடைப்பும் பெரிதாக இராது. விழுங்கினால் காது திறக்கும் என்பதால் ஏறும்போது சிப்பரில் இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள். மூக்கடைப்போ காதுவலியோ இருந்தால் மட்டும் அது ஆறும்வரை தள்ளிப் போடுங்கள்.

*வாசகி, வாணியம்பாடி:* எல்லாவற்றையும் பட்டியல் போட்டு எடுத்து வைத்துவிட்டேன். பொதுவாக எதை மறந்துவிடுவார்கள்?

உங்களுக்கு ஒரு மாற்றுடை. குழந்தைக்குப் பத்துச் சட்டை எடுத்து வைத்திருப்பீர்கள். அது கக்குவதோ உங்கள் தோளிலும் மடியிலும். ஒரு பருத்திப் புடவையையும் இரவிக்கையையும் பெட்டியின் அடியில் வைக்காமல், காலடியில் இருக்கும் கைப்பையில் வையுங்கள்.